மரமில்லா மலையில் பூச்சியம் வர வேண்டும்: ஜவ்வாது வடசரிவின் கார்பனைச் செயற்கைக்கோள் வழி கணக்கிடுதல் – ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல் உண்டு: ஆறு இருக்கு தண்ணி இல்லை, கோட்டை இருக்கு ராஜா இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை, மலை இருக்கு மரம் இல்லை. கோட்டைக் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்தார். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. ஊரைச் சுற்றியுள்ள பாறை மலைகள் மட்டும் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு ஏற்றபடியே நிற்கின்றன. காட்டின் கார்பனைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடுபவருக்கு இந்த மொட்டை மலைகளைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. காரணம் பின்னால் வரும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடம், நகருக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் அமிர்தியிலிருந்து ஒடுகத்தூர் வரை நீளும் ஜவ்வாது மலையின் வடசரிவு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானது. ஆகவே ஒரே மலைத்தொடர் இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. மாவட்ட எல்லையை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரே காட்டை நடுவில் அறுத்ததாகிவிடும். காப்புக்காட்டு எல்லையும் நீர்ப்பிடிப்பு எல்லையும்தான் பொருத்தமான அலகுகள். நாகநதியின் மேல்பகுதி அப்படிப்பட்ட ஓர் அலகு.

கேள்விகள் இரண்டு. இந்தச் சரிவில் ஒரு ஹெக்டேர் காட்டின் மரங்களில் எவ்வளவு கார்பன் இருக்கிறது? அது ஐந்து, பத்து ஆண்டுகளில் கூடுகிறதா, குறைகிறதா? முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல விடை கிடைக்கும். இரண்டாவதற்கு அவசரமாகச் சொல்லப்படும் விடைகள் பெரும்பாலும் தவறானவை. அது ஏன் என்று காட்டுவதே இந்த ஆய்வின் நோக்கம்.

காடு எப்படிப்பட்டது

அடிவாரத்தில் முட்புதர்க் காடு: வெள்வேல், உசில், உன்னிச்செடி. மேலே ஏற ஏற வறண்ட இலையுதிர் காடு: வெக்காலி, முதிரை, வெப்பாலை, ஆங்காங்கே சந்தனம். ஓடைக்கரைகளில் மட்டும் பசுமை மாறாத உயரமான மரங்கள். தை கடைசியில் இலை மஞ்சளாகும், மாசி பங்குனியில் மலை சாம்பல் நிறமாகும், கோடை மழை விழுந்ததும் தளிர்க்கும். மரத்தின் எடை இந்தச் சுழற்சியில் பெரிதாக மாறுவதில்லை. வானத்திலிருந்து பார்க்கும் பச்சையோ பாதிக்கும் கீழே விழுந்து எழும். இந்தக் காட்டைக் கணக்கிடுவதில் நடக்கும் பிழைகளில் பாதி இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

இன்னொரு குணமும் முக்கியம். வெட்டப்பட்ட அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பாக எழுந்த மரங்கள் இங்கே நிறைய. ஒரே வேரில் மூன்று, நான்கு தண்டுகள் நிற்கும். தரையில் அளப்பவர் இதைக் கவனிக்காவிட்டால் பின்னால் வரும் எந்தக் கணக்கும் நேராகாது.

செயற்கைக்கோள் எதைப் பார்க்கிறது

எந்தச் செயற்கைக்கோளும் கார்பனை அளப்பதில்லை. சென்டினல்-2, லேண்ட்சாட் போன்றவை இலையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை அளக்கின்றன. ரேடார் செயற்கைக்கோள்கள் தாங்கள் அனுப்பிய அலையின் எதிரொலியை அளக்கின்றன. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள கெடி என்னும் லேசர் கருவி உயரத்தை அளக்கிறது. இவற்றிலிருந்து மர எடைக்குப் போகும் பாலம் தரையில், நாடா பிடித்து அளந்த மரங்களால் கட்டப்படுகிறது. அந்தப் பாலம் ஆடினால், எத்தனை செயற்கைக்கோள் சேர்த்தாலும் விடை ஆடும்.

ரேடாரில் அலைநீளம்தான் எல்லாம். சென்டினல்-1 பயன்படுத்தும் சி-பட்டை அலை சுமார் 5.6 செ.மீ. நீளமுடையது. அது இலையிலும் குச்சியிலும் பட்டே திரும்பிவிடும், ஹெக்டேருக்கு 50 டன் உயிர்த்திரளைத் (மரங்களின் உலர் எடை) தாண்டினால் வேறுபாடு காட்டாது. ஜப்பானின் அலோஸ்-2 பயன்படுத்தும் எல்-பட்டை சுமார் 24 செ.மீ. அது இலைகளைத் தாண்டிக் கிளையையும் தண்டையும் தொடும், 100 டன் வரையிலாவது உணரும். வறண்ட இலையுதிர் காட்டுக்கு இதுவே போதும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025 ஏப்ரல் 29 அன்று ஏவிய பயோமாஸ் செயற்கைக்கோளின் பி-பட்டை சுமார் 70 செ.மீ. நீளம். அது அடர்ந்த மழைக்காட்டுக்கானது, நம் மலைக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

நமக்குரியது நிசார். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த இது, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. எல்-பட்டையும் எஸ்-பட்டையும் அதில் உண்டு, 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பும். ஹெக்டேருக்கு 100 டன்னுக்குக் குறைவான காடுகளில், ஒரு ஹெக்டேர் அளவில், 20 டன்னுக்குள் பிழையோடு உயிர்த்திரளைச் சொல்ல வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு இலக்கு. அந்த 20 டன்னை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நிற்கும் உயிர்த்திரளே 50 டன் உள்ள ஒரு சரிவில் அது ஐந்தில் இரண்டு பங்கு.

தரை வேலை

தரையில் மரங்களை அளக்கும் மாதிரிப் பரப்பு (பிளாட்) 0.1 ஹெக்டேர், அதாவது 31.62 மீட்டர் பக்கமுள்ள சதுரம். சென்டினல்-2இன் 10 மீட்டர் பிக்சலில் (படத்தின் மிகச் சிறிய கட்டம்) ஏறக்குறைய மூன்றுக்கு மூன்று, லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சலில் ஒன்று. நான்கு மூலைகளை வைத்த பிறகு மூலைவிட்டம் 44.72 மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முழத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சதுரம் சாய்ந்திருக்கிறது.

மேலே சொன்ன நீளமெல்லாம் கிடைமட்ட நீளம். சரிவில் நாடாவைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் பரப்பு சுருங்கிவிடும். 25 பாகைச் சரிவில் 31.62 மீட்டர் கிடைமட்டத்துக்குத் தரையில் 34.89 மீட்டர் இழுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்த பிளாட்டின் உண்மைப் பரப்பு 9 விழுக்காட்டுக்கு மேல் குறையும், ஹெக்டேருக்கான கணக்கும் அதே அளவு குறையும். வடசரிவில் 20 பாகைக்கு மேற்பட்ட இடங்கள் ஏராளம் என்பதால் இது ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும் பிழை. பிளாட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது கரையாது.

மரத்தின் சுற்றளவை இந்திய வனத்துறை வழக்கப்படி 1.37 மீட்டர் உயரத்தில் அளக்கிறோம். பன்னாட்டுச் சமன்பாடுகள் 1.3 மீட்டரைக் கேட்கின்றன. வேறுபாடு சிறியதுதான், ஆனால் எதில் அளந்தோம் என்று படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். ஐந்தாண்டு கழித்து வருபவர் வேறு உயரத்தில் அளந்துவிட்டு அதை வளர்ச்சி என்று எழுதிவிடக் கூடாது. அளந்த இடத்தில் பெயின்ட் வளையம் போட்டு, அதற்குக் கொஞ்சம் மேலே அலுமினியத் தகட்டில் எண் அடித்து வைப்பது இதற்காகவே. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேல்பக்கத் தரையிலிருந்துதான் உயரம் அளக்க வேண்டும்.

மறுதாம்பு மரத்தில் 1.37 மீட்டருக்குக் கீழே பிரிந்த ஒவ்வொரு தண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சுற்றளவுகளைக் கூட்டி ஒரே மரமாக எழுதுவது பெரிய தவறு. 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு தண்டு 20 செ.மீ. மரம் ஆகாது. குறுக்குப் பரப்பின்படி பார்த்தால் அவை 14.1 செ.மீ. தண்டு ஒன்றுக்குத்தான் சமம்.

எடைக்கு 2014இல் வெளியான ஷாவே குழுவினரின் வெப்பமண்டலச் சமன்பாடு பரவலாகப் பயன்படுகிறது:

உயிர்த்திரள் (கிலோ) = 0.0673 × (மர அடர்த்தி × விட்டம்² × உயரம்)^0.976

விட்டம் சென்டிமீட்டரில், உயரம் மீட்டரில், அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்கு கிராமில். 63 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் விட்டம் 20 செ.மீ. உயரம் 8 மீட்டர், அடர்த்தி 0.8 என்று வைத்தால் எடை சுமார் 143 கிலோ. நாடா கொஞ்சம் சாய்ந்து விட்டம் 21 என்று பதிவானால் 157 கிலோ. ஒரு சென்டிமீட்டர் பிழை, 10 விழுக்காடு கார்பன்!

மரத்தின் பெயரும் அதே அளவு விளையாடும். 'பொரசு' என்று சொன்னால் ஓர் ஊரில் அது முதிரை, இன்னோர் ஊரில் பலாசு. முதிரை கனத்த மரம், அடர்த்தி சுமார் 0.8. பலாசு லேசானது, சுமார் 0.5. மேலே சொன்ன அதே 20 செ.மீ. மரம் பலாசாக இருந்தால் 90 கிலோதான். மலைவாழ் மக்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், கூடவே இலையும் பட்டையும் படம் எடுத்து அறிவியல் பெயரை உறுதி செய்ய வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலுவலகத்தில் அமர்ந்து அடர்த்தி தேடுவது ஆபத்து. மரங்களை அறிந்த மலையூர்க்காரர் ஒருவர் குழுவில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காப்புக்காட்டுக்குள் போவதற்கும் பெயின்ட் அடிப்பதற்கும் வனத்துறையின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். சந்தனம் உள்ள காட்டில் அனுமதியில்லாமல் மரத்தில் எண் அடிப்பவரை யார் பார்த்தாலும் சந்தேகப்படுவார்கள்.

பிளாட்டின் இடத்தைக் குறிக்கும் ஜிபிஎஸ், தழைக்குக் கீழே எளிதாக 5 முதல் 10 மீட்டர் தவறும். அது ஒரு முழு பிக்சல். ஆகவே பிளாட்டைச் சுற்றி 90 மீட்டர் அளவுக்காவது காடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். பாறைத் திட்டின் ஓரத்திலோ பாதையை ஒட்டியோ விழும் பிளாட், கார்பன் இருப்பைச் சராசரி எடுக்க உதவும், படத்தோடு பொருத்திப் பழக்க உதவாது. இரண்டையும் படிவத்தில் தனியாகக் குறிக்க வேண்டும். தென்மேற்கு மூலையில் கருவியைப் பத்து நிமிடம் அசைக்காமல் வைத்துச் சராசரி எடுப்பது நல்லது. பழைய நில அளவைத் தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்னும் பழைய பூமி வடிவ அளவை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றிலுள்ள காப்புக்காட்டு எல்லையை மாற்றாமல் அப்படியே படத்தின் மேல் போட்டால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். எல்லாவற்றையும் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 அளவுக்கும், மீட்டரில் இடம் குறிக்கும் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலத்துக்கும் மாற்றிய பின்பே வேலை. குடியாத்தத்துக்கு மேலே உள்ள மோர்தானா அணைக்கட்டு போன்ற தெளிவான விளிம்புகளை வைத்துப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

பிளாட்டிலிருந்து ஹெக்டேருக்கு

கணக்குக்காக ஒரு பிளாட்டின் தண்டுகளெல்லாம் சேர்ந்து 5,400 கிலோ என்று வைப்போம். ஹெக்டேருக்கு 54 டன் தரைமேல் உயிர்த்திரள். வறண்ட காட்டில் ஹெக்டேருக்கு 20 டன்னுக்கு மேல் இருந்தால் வேருக்கு 0.28 பங்கு என்பது ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி தரும் மதிப்பு. மொத்தம் 69.1 டன். அதில் கார்பன் 0.47 பங்கு: 32.5 டன். கார்பன் டையாக்சைடாகச் சொன்னால் 44/12ஆல் பெருக்க வேண்டும்: 119 டன். ஒரே காட்டுக்கு 54, 69, 32.5, 119 என நான்கு எண்கள். அறிக்கைகளை ஒப்பிடும்போது எது எதுவென்று பார்க்காமல், 'அந்தக் காட்டில் 119, நம் காட்டில் 32தான்' என்று வருந்துவது அடிக்கடி நடக்கிறது.

வேர்க் கணக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. 20 டன்னுக்குக் கீழே அதே வழிகாட்டியின் விகிதம் 0.56. ஆகவே தரைமேல் 19 டன் உள்ள இடத்துக்கு மொத்தம் 29.6 டன், 21 டன் உள்ள இடத்துக்கு 26.9 டன்! மரம் கூடினால் மொத்தம் குறைகிறது. அடிவார முட்காட்டில் பிக்சல் வாரியாக இந்த விகிதத்தைப் போட்டால் வரைபடம் முழுக்கப் பொரிப்பொரியாகக் கிடக்கும். காட்டு வகை வாரியாகச் சராசரி எடுத்து, அதன் மேல்தான் வேர் விகிதத்தைப் போட வேண்டும்.

படம் எடுக்கும் பருவம்

ஒளிப்படத்துக்கு மார்கழி நடுவிலிருந்து தை நடு வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகம் விலகியிருக்கும், மரத்தில் இலை இருக்கும், புல் காயத் தொடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகைப் பச்சையில் புல்லும் உன்னிச்செடியும் மரத்தோடு கலந்து வரும். பங்குனிப் படத்தைத் தனியாக வைத்துக் கார்பன் கணக்கிடுவது வீண். ஆனால் தைப் படத்திலிருந்து பங்குனிப் படத்தைக் கழித்தால் எது இலையுதிர்ப்பது, எது பசுமை மாறாதது என்று பிரிக்கலாம். ஓடைக்கரைக் காடு அதில் கோடு போட்டது போலத் தெரியும். பாலாற்றுப் படுகையிலும் ஏரிகளிலும் வளர்ந்திருக்கும் சீமைக்கருவேலமும் இதே சோதனையில் 'பசுமை மாறாதது' என்று வந்து நிற்கும். அதைக் காட்டுக் கணக்குக்கு முன்பே எல்லை போட்டு நீக்க வேண்டும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் அப்படியே. தென்னை தண்டில் தடிக்காத பனை இனம், மேலே சொன்ன சமன்பாடு அதற்குச் செல்லாது. சீமைக்கருவேலம் தரையிலேயே கிளைப்பதால் 1.37 மீட்டர் அளவு அதற்குப் பொருந்தாது.

மார்கழியில் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. சென்டினல்-2 கடக்கும் காலை பத்தரை மணி வாக்கில் சூரியன் தென்கிழக்கே சுமார் 48 பாகை உயரத்தில்தான் இருக்கும். வடமேற்குச் சரிவுகள் நிழலில் விழும். நம் ஆய்விடமே வடசரிவு! உயரத் தரவை வைத்து வெளிச்சத் திருத்தம் செய்யாவிட்டால், ஒரே அடர்த்தியுள்ள காடு கிழக்கில் ஒரு மாதிரியும் மேற்கில் ஒரு மாதிரியும் வரும்.

ரேடாருக்குப் பருவம் நேர்மாறு. மண் ஈரம் எதிரொலியைக் கூட்டிவிடும். காய்ந்த மாதங்களின் படமே வேண்டும். 2021 நவம்பர், டிசம்பர் போன்ற பெருமழைக் காலத்தை அடிப்படை ஆண்டாக வைத்தால், அடுத்த ஆண்டு எல்லாக் காடும் கரைந்தது போலத் தெரியும்.

2022 ஜனவரிப் பொறி

சென்டினல்-2 பயன்படுத்தும் எவரும் ஒருமுறையாவது இதில் விழுந்திருப்பார்கள். 2022 ஜனவரி 25 முதல் தரவுச் செயலாக்க முறை மாறியது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு பிக்சல் எண்ணிலும் 1000 கூடுதலாகச் சேர்ந்திருக்கும். பிரதிபலிப்பு வேண்டுமென்றால் முதலில் 1000ஐக் கழித்து, பிறகு 10000ஆல் வகுக்க வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும்? சிவப்பு 1600, அகச்சிவப்பு 3400 என்று கோப்பில் இருக்கிறது. உண்மை 600, 2400. தாவரக் குறியீடான என்டிவிஐ 0.60. கழிக்காமல் போட்டால் 0.36. காட்டில் ஒரு கிளையும் விழாமல் குறியீடு பாதியை நோக்கிச் சரிகிறது.

அந்தத் தேதி நாம் தேர்ந்த பருவத்துக்குப் பக்கத்திலேயே விழுகிறது. ஜனவரி 10ஆம் தேதிப் படத்தையும் 30ஆம் தேதிப் படத்தையும் ஒரே கோப்பில் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டும் கலந்து, பிழை எங்கிருக்கிறது என்றே தெரியாமல் போகும். பழைய காட்சிகள் புதிய முறையில் மறுபடி செயலாக்கப்பட்டும் வருவதால், தேதியை நம்பாமல் கோப்பின் செயலாக்க எண்ணைப் பார்ப்பதே சரி. 04.00 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். மேகக்கணித் தளங்களில் ஏற்கெனவே சமன்செய்த தொகுப்பு கிடைக்கும். அதை எடுத்தால் மறுபடியும் கழித்துவிடக் கூடாது.

அலோஸ்-2இன் ஆண்டுத் தொகுப்புக்கும் மாற்றம் வேண்டும்: 20 × மடக்கை (பிக்சல் எண்) − 83. எண் 2000 என்றால் −17 டெசிபல். சராசரி எடுப்பதை டெசிபலில் செய்யக் கூடாது. −10, −20 என்ற இரண்டு பிக்சலின் சராசரி −15 அல்ல, −12.6. முதலில் சாதாரண எண்ணாக்கிச் சராசரி எடுத்து, பிறகு டெசிபலுக்குத் திரும்ப வேண்டும்.

மொட்டை மலைச் சோதனை

இனி அந்தப் பழைய சொல்லுக்கு வருவோம். படத்திலிருந்து மர எடையைச் சொல்லும் கணினிக் கணக்கு முறையை மாதிரி என்கிறோம். அந்த மாதிரி தயாரானதும் ஜவ்வாதில் ஓட்டும் முன், வேலூர் நகரைச் சூழ்ந்த பாறை மலைகளில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மரமே இல்லாத சரிவில் ஹெக்டேருக்குப் பூச்சியமோ அதை ஒட்டியோ வர வேண்டும். முப்பது டன் வந்தால், அதே முப்பது டன் ஜவ்வாதுச் சரிவிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறியிருக்கிறது என்று பொருள்.

செய்முறை இதுதான். உயர் தெளிவுப் படத்தில் பார்த்து, இடுக்குகளிலும் ஓடைகளிலும் புதர் இல்லாத பாறைச் சரிவுகளை மட்டும் எல்லை வரைந்துகொள்ள வேண்டும். 15 பாகைக்கு மேற்பட்ட பிக்சல்களை எடுத்து, எட்டுத் திசை வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மாதிரி சொல்லும் சராசரியை எழுத வேண்டும். எட்டு எண்களும் எந்தப் பிழை என்று தாமே சொல்லிவிடும்.

மேற்குச் சரிவு கூடுதலாகவும் கிழக்குச் சரிவு குறைவாகவும் வந்தால் ரேடார் நிலவமைப்புத் திருத்தம் போதவில்லை. வலப்பக்கம் பார்க்கும் ரேடார் வடக்கு நோக்கிப் போகும்போது கிழக்கே பார்க்கிறது. தன் முகத்துக்கு நேரே நிற்கும் மேற்குச் சரிவு அதற்குச் சுருங்கிப் பளிச்சிடும். வடமேற்கு மட்டும் தனித்து விலகினால் சூரிய நிழல். திசை எதுவானாலும் சரிவு கூடக் கூட எண் கூடினால் பழி கெடியின் மேல்.

கெடியின் ஒவ்வொரு லேசர் புள்ளியும் 25 மீட்டர் அகலம். 20 பாகைச் சரிவில் அந்த 25 மீட்டருக்குள் தரையே 9 மீட்டர் ஏறி இறங்கும். திரும்பி வரும் லேசர் அலை அந்த 9 மீட்டருக்கும் விரிந்து வருவதால், மொட்டைப் பாறையில் 9 மீட்டர் மரம் நிற்பது போலத் தெரியும். ஜவ்வாதின் மரங்கள் பலவும் அந்த உயரத்துக்காரர்கள்தாம்! 15 பாகைக்கு மேற்பட்ட புள்ளிகளை நீக்குவது நல்லது. தரக்குறி 1 உள்ளவையும், உணர்திறன் 0.95க்கு மேற்பட்டவையும் மட்டுமே மீத வேண்டும். பிறகு மலையில் மிஞ்சுவது கொஞ்சமாகத்தான் இருக்கும். புள்ளிகள் தடத்தில் 60 மீட்டருக்கு ஒன்று, தடங்களுக்கு இடையே 600 மீட்டர். 2023 மார்ச்சிலிருந்து 2024 ஏப்ரல் வரை கருவி ஓய்வில் இருந்ததால் அந்தக் காலத்துக்குத் தரவே கிடையாது. வடசரிவில் கெடியைத் தனி ஆதாரமாக நம்ப முடியாது, சமதளத்தை ஒட்டிய காட்டிலும் மேல் மேட்டுநிலத்திலும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாதிரியைப் பழக்குதல்

காய்ந்த பருவத்து எல்-பட்டை எச்வி எதிரொலி (கிடைமட்டமாக அனுப்பிச் செங்குத்தாக வாங்கும் அலை), மார்கழி–தை என்டிவிஐயும் சிவப்பு விளிம்புப் பட்டைகளும் (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்டவை), தை–பங்குனி வேறுபாடு, கடல்மட்ட உயரம். இந்த நான்கு வகை உள்ளீடே போதுமானது. ஐம்பது மாறிகளைக் கொட்டி, அறுபது பிளாட்டை வைத்துப் பழக்கினால் மாதிரி காட்டைக் கற்காது, அந்த அறுபது பிளாட்டையும் மனப்பாடம் செய்யும்.

சரிபார்க்கும்போது பிளாட்டுகளைக் குலுக்கிப் பாதியைப் பழக்கவும் பாதியைச் சோதிக்கவும் எடுப்பது வழக்கம். பக்கத்துப் பக்கத்து பிளாட்டுகள் ஒன்றுபோலவே இருப்பதால் துல்லியம் பொய்யாக உயர்ந்து தெரியும். ஒரு பள்ளத்தாக்கை முழுதாக ஒதுக்கிவைத்து, மற்றவற்றில் பழக்கி, ஒதுக்கியதில் சோதிக்க வேண்டும். எண் இறங்கும். அந்த இறங்கிய எண்தான் உண்மையானது.

ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற கணினிக் கற்றல் முறைகளுக்குச் சராசரியை நோக்கி இழுக்கும் குணம் உண்டு. முட்காட்டுக்குக் கூட்டிச் சொல்லும், ஓடைக்கரைக் காட்டுக்குக் குறைத்துச் சொல்லும். ஆகவே பிக்சல்களையெல்லாம் கூட்டி மொத்தம் சொல்வது சரியல்ல. வரைபடத்தின் சராசரியை, பிளாட்டுகளில் கண்ட வேறுபாட்டின் சராசரியால் திருத்த வேண்டும். விடையை நேராக்குவது பிளாட், அதன் தடுமாற்றத்தைக் குறைப்பது வரைபடம்.

எத்தனை பிளாட்? பிளாட்டுக்கு பிளாட் வேறுபாடு சராசரியின் 60 விழுக்காடு என்று வைத்தால், 95 விழுக்காடு நம்பகத்தில் ±10 விழுக்காட்டுக்கு 139 பிளாட் வேண்டும். 90 விழுக்காடு நம்பகம் போதுமென்றால் 98. முப்பத்தாறோடு நிறுத்தினால் 95 விழுக்காட்டில் ஏறக்குறைய ±20. முட்காடு, இலையுதிர் காடு, ஓடைக்கரைக் காடு என்று முன்பே பிரித்துக்கொண்டு பிளாட் போட்டால் இந்த எண்ணிக்கை நன்றாகக் குறையும். அந்தப் பிரிப்பைத் தை–பங்குனிப் படங்கள் செலவில்லாமல் தருகின்றன.

மாற்றம்: எப்போது சொல்லலாம்

சராசரி 60 டன், அதன் திட்டப் பிழை (மாதிரி எடுப்பதால் சராசரியில் வரும் தடுமாற்றம்) 6 டன் என்று கொள்வோம். ஐந்தாண்டு கழித்து வேறு இடங்களில் புதிய பிளாட் போட்டு மறுபடி 6 டன் பிழையோடு அளந்தால், வேறுபாட்டின் திட்டப் பிழை 8.5 டன். 95 விழுக்காட்டு நம்பகத்துக்கு ±16.6 டன். காடு ஆண்டுக்கு 1.5 டன் வளர்கிறது என்று வைத்தால், வளர்ச்சி இந்தப் பிழையைத் தாண்ட 11 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் 'கார்பன் கூடிவிட்டது' என்றோ 'குறைந்துவிட்டது' என்றோ சொல்வதற்கு ஆதாரம் இல்லை.

அதே பிளாட்டுக்கு, அதே மரத்துக்குத் திரும்பிப் போனால் நிலைமை தலைகீழாகிறது. இரண்டு அளவுகளுக்கும் உள்ள ஒட்டுறவு 0.9 என்றால் வேறுபாட்டின் திட்டப் பிழை 2.7 டன்னாகச் சுருங்கும், மூன்றரை ஆண்டிலேயே அதே வளர்ச்சி தெரிந்துவிடும். பெயின்ட் வளையமும் அலுமினியத் தகடும் இங்கே எந்தச் செயற்கைக்கோளையும்விட அதிகம் சம்பாதிக்கின்றன. கார்பன் வரவு என்று பணம் கைமாறும் திட்டங்களில், இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு வரைபடங்களைக் கழித்துக் காட்டுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது நிரந்தர பிளாட்டுகளின் பட்டியலை.

திடீர் இழப்பு வேறு வகை. வெட்டு, பாதை, கல்குவாரி இவற்றை 10 மீட்டர் படம் உடனே காட்டும். அதில் செயற்கைக்கோளுக்கு நிகர் இல்லை. தீ மட்டும் ஏமாற்றும். மாசி முதல் சித்திரை வரை மலையில் தீப்பிடிக்கிறது. அதே மாதங்களில் இலையும் உதிர்கிறது. எரிந்த பரப்பைக் காட்டும் குறியீடு இலையுதிர்வையும் எரிவு என்றே படிக்கும். முந்தைய தீயில்லாத ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிட்டால்தான் பிரியும். நாசாவின் தீப்புள்ளித் தரவில் விர்ஸ் கருவியின் ஒரு பிக்சல் 375 மீட்டர் அகலம். புள்ளி விழுந்தால் அங்கே எங்கோ எரிந்தது என்று மட்டுமே பொருள், அந்தப் பரப்பு முழுவதும் எரிந்தது என்று அல்ல. தரைத்தீ சருகையும் புல்லையும் கன்றுகளையும் கொண்டுபோகும், பெரிய தண்டுகள் பெரும்பாலும் நிற்கும். ஆகவே எரிந்த பரப்பை ஹெக்டேர் கார்பனால் பெருக்கி 'இழப்பு' என்று எழுதக் கூடாது. உண்மையான இழப்பு பின்னால் வருகிறது. கன்றுகள் போனதால் இருபது ஆண்டு கழித்து நிற்காத மரங்கள் அவை. அதைப் பிடிக்க பிளாட்டுக்குள் ஒரு மூலையில் 5 மீட்டர் சதுரம் போட்டு, 10 செ.மீ. விட்டத்துக்குக் குறைந்த தண்டுகளையும் கன்றுகளையும் இன வாரியாக எண்ணி வைக்க வேண்டும். தீ போன பிளாட்டுகளில் இந்தச் சிறு சதுரத்தை மட்டும் மறு ஆண்டே எண்ணிப் பார்க்கலாம், பெரிய மரங்களுக்கு ஐந்தாண்டு காத்திருக்கலாம். தீயில் பெயின்ட் கரிந்துவிடும், தகட்டில் எண் நிற்கும். வளையத்தைப் புதுப்பிக்கும்போது பழைய தகட்டிலிருந்து எத்தனை செ.மீ. கீழே என்று படிவத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து, அதே இடத்தில் போட வேண்டும்.